67 வயதில் டிவிஎஸ் எக்ஸ்எல் ஓட்டக் கூடாதா? லைசென்ஸ் புதுப்பிப்பது பற்றியும் முழங்கால் வலி பற்றியும் கேட்க வேண்டும்

தோட்டத்துக்காரம்மா, வேலந்தாவளம் பக்கம்

எல்லோருக்கும் வணக்கம். இங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குத்தான் நானாக எழுதுகிறேன். பேத்தி போனில் பேசினாலே எழுத்தாக வரும்படி செய்து கொடுத்திருக்கிறாள், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 67 வயது. கேரளத்துச் சித்தூர் தாலுகா, வடகரப்பதிப் பஞ்சாயத்து. வீட்டில் தமிழ்தான், படித்ததும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில்தான். மலையாளம் நன்றாகப் பேசுவேன், படிப்பதற்குத்தான் தடுமாற்றம். வீட்டுக்காரர் இல்லை. ஒன்றரை ஏக்கர் தோட்டம், தென்னை போக மீதி இடத்தில் பாகல், புடலை, வெண்டை வைக்கிறேன். பறித்ததைச் சாக்கில் கட்டி எக்ஸ்எல்லில் வைத்து வேலந்தாவளம் மார்க்கெட்டுக்கு நானே கொண்டுபோவேன். திருச்சூர், பாலக்காட்டு வியாபாரிகள் வருகிற மார்க்கெட். விடியும் முன்பே விலை பேச்சு ஆரம்பித்துவிடும்.

என் லைசென்ஸ் சித்திரையில் முடிந்துபோனது. மகன் கோயமுத்தூரில் இருக்கிறான். "போதும் அம்மா, வண்டியைக் கொடுத்துவிடலாம், காயை யாரிடமாவது அனுப்பிக்கலாம்" என்கிறான். பாசத்தில்தான் சொல்கிறான், அவனைக் குறை சொல்லவில்லை. ஆனால் லைசென்ஸ் வேலை செய்து தருகிற ஒரு ஆளிடம் போனபோது, அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மகனைப் பார்த்து, "இவங்க வயசுக்கு இனிமே கிடைக்காதுங்க" என்று முடித்துவிட்டார். இது உண்மையா? சட்டத்தில் அப்படி வயது வரம்பு இருக்கிறதா?

இன்னொன்று, என் வலது முழங்கால். ஆறு மாதமாக வலி. ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். எதிரே உட்கார்ந்திருப்பவள் நான். டாக்டரோ மகனிடம் "அம்மாவுக்கு எத்தனை நாளா வலி?" என்று கேட்கிறார். "வயசாச்சு, இப்படித்தான் இருக்கும், ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க" என்றார். காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் வீட்டில் தண்ணீர் பாய்ச்சக்கூட விடவில்லை. உட்கார்ந்தே இருந்ததில் இப்போது திண்ணைப் படி ஏறவே சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ரெஸ்ட் எடுக்கும் முன் நான் இப்படி இல்லை.

மார்க்கெட்டிலும் இதே கதைதான். மண்டிக்காரர் பக்கத்துத் தோட்டத்துப் பையனிடம் என் காய்க்கு விலை சொல்கிறார். நான் கேட்டால், "பையனை அனுப்புங்க அம்மா, எதுக்குச் சிரமம்" என்கிறார். எனக்கு அது சிரமமே இல்லை. எந்தக் காய் எந்த வாரம் ஏறும், ஓணத்துக்கு முன்னால் எதை நிறுத்தி வைக்க வேண்டும் என்று அங்கே நின்றால்தான் தெரியும். விற்ற காசு என் சுருக்குப் பையில் வரும்போது உரத்துக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு என்று நான் பிரிப்பேன். யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வண்டியை எடுத்துவிட்டால் இதெல்லாம் சேர்ந்து போய்விடும். அது யாருக்கும் புரிவதில்லை.

தேக்கம்பட்டிப் பாப்பம்மாள் பாட்டிக்கு 2021-ல் பத்மஸ்ரீ கொடுத்தபோது எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் அந்தப் படத்தை வாட்ஸப்பில் அனுப்பினார்கள். நூறு வயது தாண்டியும் தோட்டத்தில் இறங்கி வேலை செய்தவர் என்று அவ்வளவு பெருமை. அதே சொந்தக்காரர்கள்தான் என்னிடம் "இந்த வயசுல உனக்கு எதுக்குத் தோட்டம்" என்கிறார்கள்.

என் கண் மங்கிவிட்டது, கை நடுங்குகிறது, பிரேக் பிடிக்க நேரமாகிறது என்று யாராவது சோதித்துப் பார்த்துச் சொல்லட்டும், நானே சாவியைக் கொடுத்துவிடுகிறேன். ஒருவரும் சோதிக்கவில்லை. ஆதாரில் இருக்கிற பிறந்த வருஷத்தை மட்டும் பார்த்து முடிவு செய்கிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

லைசென்ஸுக்கு என்ன வழி, காலுக்கு என்ன செய்யலாம், மகனிடம் சண்டை வராமல் எப்படிச் சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


எல் போர்டு, கொழிஞ்சாம்பாறை

அம்மா, டிரைவிங் ஸ்கூலில் இருக்கிறேன். லைசென்ஸ் விஷயத்தை மட்டும் சொல்கிறேன்.

கிடைக்காது என்று அவர் சொன்னது தவறு. மோட்டார் வாகனச் சட்டத்தில் இத்தனை வயதுக்கு மேல் ஓட்டக் கூடாது என்று எங்கேயும் இல்லை. 2019-ல் சட்டத்தைத் திருத்தியபோதும் அப்படி வைக்கவில்லை. சொந்த வண்டிக்கான லைசென்ஸ் 55 வயதுக்கு மேல் புதுப்பித்தால் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அவ்வளவுதான். உங்களுக்கு 62-ல் கொடுத்தது இப்போது முடிந்திருக்கிறது. இனி எடுத்தால் 72 வரைக்கும்.

முடிந்து ஒரு வருஷத்துக்குள் விண்ணப்பித்துவிட்டால் திரும்ப ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. ஒரு வருஷம் தாண்டினால் டெஸ்ட் உண்டு. அதனால் தள்ளிப்போடாதீர்கள். படிவம் 1ஏ என்று ஒரு மருத்துவச் சான்று வேண்டும், பதிவு பெற்ற டாக்டர் யாரிடமும் வாங்கலாம். நம் கேரளத்தில் கண் பார்வைச் சான்றும் கேட்பார்கள். விண்ணப்பம் சாரதி இணையதளத்தில். பேத்தி இருக்கிறாளே, அவளே செய்துவிடுவாள். இடைத்தரகர் வேண்டாம்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகக் கேளுங்கள். கையில் புது லைசென்ஸ் வரும்வரை வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள். முன்பு முடிந்த பிறகும் முப்பது நாள் சலுகை இருந்தது, 2019 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். ஏதாவது ஆனால் இன்சூரன்ஸில் பெரிய சிக்கலாகும்.

வண்டி பழைய கிக்கர் மாடலா? முழங்கால் வலிக்கு அந்த உதையும் ஒரு காரணமாக இருக்கலாம். இப்போதைய எக்ஸ்எல் 100-ல் செல்ஃப் ஸ்டார்ட் வருகிறது, மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். லோடு வைத்த பிறகு சென்டர் ஸ்டாண்டிலிருந்து வண்டியைத் தனியாக இறக்காதீர்கள். விழுகிறவர்கள் ஓடும்போது விழுவதைவிட ஸ்டாண்ட் எடுக்கும்போதுதான் அதிகம் விழுகிறார்கள், எங்கள் ஸ்கூலில் நான் பார்த்தது இது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது சாக்கு அகலமாக இருந்தால் வண்டியையே தள்ளும். அந்த மாதங்களில் பாரத்தைக் குறையுங்கள். ஹெல்மெட் சொல்லவே வேண்டாம்.

கொச்சியில் ராதாமணி அம்மா என்று ஒருவர் இருக்கிறார். எழுபது தாண்டிய பிறகும் கிரேன், ஜேசிபி வரை ஓட்ட லைசென்ஸ் வைத்திருப்பவர். அந்த வயதில் லைசென்ஸே கிடைக்காது என்று சொல்கிறவரிடம் அவரைப் பற்றிச் சொல்லுங்கள்.


பிசியோ, பொள்ளாச்சி

அம்மா, நான் பிசியோதெரபிஸ்ட். உங்கள் காலை நேரில் பார்க்காமல் இதுதான் என்று சொல்ல முடியாது. ஆனால் "வயசாச்சு, இப்படித்தான்" என்பது நோயின் பெயர் அல்ல. உங்கள் இடது காலுக்கும் அதே 67 வயதுதானே? அது ஏன் வலிக்கவில்லை என்று அந்த இடத்திலேயே கேட்டிருக்கலாம்.

பொதுவாக முழங்கால் மூட்டுத் தேய்மானத்துக்கு முதல் வைத்தியமே தொடைத் தசையை வலுவாக்குவதுதான். நீங்கள் எழுதியதில் எனக்குக் கவலை தந்தது படி ஏறச் சுவரைப் பிடிப்பது. ஓய்வில் தசை வேகமாகக் கரையும். முப்பது வயதுக்கு மேல் பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 விழுக்காடு தசை எல்லோருக்கும் குறைகிறது, அறுபதுக்கு மேல் இன்னும் வேகமாக. இதற்கு மேல் மாதக்கணக்கில் உட்கார்ந்தால் என்ன ஆகும்?

நல்ல செய்தி, போனது திரும்பி வரும். 1990-ல் அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரை உள்ளவர்களுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். தொடைத் தசையின் பலம் சராசரியாக 174 விழுக்காடு கூடியது. தொண்ணூறு வயதுக்காரர்கள், அதிலும் தளர்ந்து போனவர்கள். நான் படிக்கும் காலத்தில் இதைக் கேட்டபோது வகுப்பில் யாரும் முதலில் நம்பவில்லை.

நீங்கள் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டீர்கள் இல்லையா, வீட்டிலேயே செய்யலாம். கைப்பிடி இல்லாத நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பில் குறுக்கே வைத்துக்கொண்டு அரை நிமிடத்தில் எத்தனை தடவை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று பேத்தி எண்ணட்டும். 65 முதல் 69 வயதுப் பெண்களுக்கு 11-க்குக் குறைந்தால் கால் பலம் போதாது, விழும் ஆபத்து உண்டு என்று அர்த்தம். அடுத்து, ஒரு பாதத்தின் குதிகால் மற்றதன் விரலைத் தொடும்படி நேர்க்கோட்டில் வைத்துப் பத்து வினாடி நில்லுங்கள், பக்கத்தில் ஆள் இருக்கட்டும். முடியவில்லை என்றால் சமநிலைக்கும் பயிற்சி வேண்டும். வண்டியை நிறுத்தும்போது ஒற்றைக் காலில்தானே தாங்குகிறீர்கள், அதனால் உங்களுக்கு இது முக்கியம்.

பயிற்சியும் அதேதான். நாற்காலியிலிருந்து மெதுவாக எழுவது, இன்னும் மெதுவாக உட்காருவது. உட்கார்ந்தபடி காலை நேராக நீட்டி ஐந்து எண்ணி இறக்குவது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது. சுலபமானதும் கணுக்காலில் அரைக் கிலோ மணல் பை கட்டிக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் 65-க்கு மேற்பட்டவர்களுக்கு வாரம் 150 நிமிட நடமாட்டத்தோடு, மூன்று நாளாவது பலத்துக்கும் சமநிலைக்கும் பயிற்சி சொல்கிறது. நடமாட்டக் கணக்கை உங்கள் தோட்டமே தீர்த்துவிடும். மற்றதற்குத்தான் தனியாக நேரம் ஒதுக்க வேண்டும், அதைத் தோட்ட வேலை செய்துவிடும் என்று விட்டுவிடாதீர்கள். கொள்ளு, பச்சைப்பயறு, முட்டை ஏதாவது ஒன்று தினமும் இருக்கட்டும்.

மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால், கால் திடீரென்று மடிந்து போனால், ராத்திரி தூங்க விடாமல் வலித்தால், நடக்கும்போது நெஞ்சு பிடித்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் எழும்போது தலை சுற்றுகிறதா என்பதையும் சொல்லுங்கள். வேறு டாக்டரிடம் போவதில் தப்பே இல்லை.


தறிக்காரர், நகரி

தங்கச்சி, ஆந்திரத்தில் நகரியிலிருந்து எழுதுகிறேன். எனக்கு 72. இங்கே தெருவுக்குத் தெரு விசைத்தறி. சின்ன வயதிலிருந்து தறிச் சத்தத்தில்தான் இருக்கிறேன்.

சில வருஷத்துக்கு முன் தறி முதலாளி "பெரியவரே, இனி ராத்திரி ஷிஃப்ட் வேண்டாம்" என்றார். சரி என்றேன், ராத்திரி விளக்கில் அறுந்த இழை எனக்குத் தெரிவதில்லை, அது உண்மை. கொஞ்ச நாளில் பகல் ஷிஃப்டும் வேண்டாம் என்றார். அதற்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. "என் தறித் துணியையும் சின்னப் பையன்கள் தறித் துணியையும் பிரித்துப் போடுங்கள். நூல் விட்ட இடம் எதில் அதிகம் என்று பாருங்கள். என்னுடையதில் அதிகம் என்றால் நாளையிலிருந்து வரமாட்டேன்" என்றேன். அவர் நல்ல மனுஷர், பார்த்தார். இப்போது பகலில் பாவு பிணைக்கும் வேலை செய்கிறேன். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். பழைய பாவு தீரும்போது ஒவ்வொரு இழையாகப் புதுப் பாவோடு முடிய வேண்டும், ஆயிரக்கணக்கில் இழை. அவசரப்படுகிறவர்களுக்கு வராது. கற்றுக்கொள்ள இரண்டு பையன்கள் என் பக்கத்தில் உட்காருகிறார்கள்.

அதனால் எனக்குத் தோன்றுவது, உங்கள் உடம்புக்கு உண்மையிலேயே எது முடியவில்லையோ அதை யாரும் சொல்லும் முன் நீங்களே விட்டுக்கொடுத்துவிடுங்கள். இருட்டில் போவது, இரட்டைச் சாக்கு, மழைநாள். அதற்குப் பிறகு மிச்சத்தை யார் கேட்டாலும் தராதீர்கள். முடிந்ததையும் முடியாததையும் சேர்த்து மூட்டையாகக் கட்டிப் பறிக்கப் பார்ப்பார்கள், நாம்தான் பிரித்துக் காட்ட வேண்டும்.

இங்கே ஆஸ்பத்திரியிலும் என் பையனிடம்தான் தெலுங்கில் பேசுவார்கள். நான் நடுவில் "நாக்கு செப்பண்டி" என்பேன். எனக்குச் சொல்லுங்கள் என்று அர்த்தம். அப்புறம் என் பக்கம் திரும்பிவிடுவார்கள். பெரும்பாலும் அவர்களுக்கு அது பழக்கதோஷம், கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் கேட்காவிட்டால் திரும்பமாட்டார்கள்.


மருமகள், கோவை

அம்மா, உங்கள் மகன் இடத்தில் இருக்கிறவள் நான். என் அத்தை கொல்லங்கோட்டில் தனியாக இருக்கிறார். உங்கள் மகனுக்கு என்ன பயம் என்று எனக்குத் தெரியும். விடிகாலையில் போன் அடித்தால் நெஞ்சு பதறும். அந்தப் பயத்துக்கு நீங்கள் ஏதாவது கொடுத்தால்தான் அவர் இறங்கி வருவார். மார்க்கெட் சேர்ந்ததும் ஒரு போன், வீடு திரும்பியதும் ஒரு போன். எங்கள் வீட்டில் இது போதுமானதாக இருந்தது.

முதலில் கண்ணைச் சோதித்து அந்தக் காகிதத்தை அவர் கையில் கொடுங்கள். 67 வயதில் புரை இருக்க வாய்ப்பு அதிகம், மெதுவாக வருவதால் நமக்கே தெரியாது. கோவையில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது, உங்களுக்கு வேலந்தாவளத்திலிருந்து பக்கம். அந்த ஆஸ்பத்திரியே டாக்டர் வெங்கடசாமி அரசு வேலையிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்ற பிறகு, 1976-ல் மதுரையில் 11 படுக்கையோடு ஆரம்பித்ததுதான். முடக்குவாதத்தில் விரல்களெல்லாம் கோணிப்போனவர் அவர். அந்த விரல்களால்தான் கண் ஆபரேஷன் செய்தார். அவரிடம் யாராவது "போதும் ஐயா, ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லி அவரும் கேட்டிருந்தால் எத்தனை லட்சம் பேருக்குப் பார்வை போயிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பேன்.

உங்கள் மகன் படித்தவர் என்றால் இதையும் சொல்லுங்கள். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களை இருபது வருஷத்துக்கு மேல் கவனித்து 2002-ல் ஒரு ஆய்வு வந்தது. முதுமையைப் பற்றி நல்லவிதமாக நினைத்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏழரை வருஷம் கூடுதலாக வாழ்ந்திருக்கிறார்கள். "உனக்கு முடியாது, முடியாது" என்று தினமும் காதில் விழுந்தால் அது உடம்பிலும் இறங்கும் என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

வெளியே யாராவது மரியாதைக் குறைவாக நடத்தினாலோ, அலுவலகத்தில் அலைக்கழித்தாலோ 14567 என்ற எண்ணுக்குக் கூப்பிடலாம். மூத்த குடிமக்களுக்கான இலவச உதவி எண், நாடு முழுவதும் ஒரே எண். கேரளச் சட்டமன்றம் 2025-ல் முதியோருக்கென்றே ஒரு ஆணையம் அமைக்கச் சட்டம் நிறைவேற்றியிருக்கிறது, இந்தியாவிலேயே முதலில் செய்தது உங்கள் மாநிலம்தான்.


தோட்டத்துக்காரம்மா, வேலந்தாவளம் பக்கம்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நகரி அண்ணா எழுதியதை மகனுக்குப் போனில் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "சரி, கண்ணைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்" என்றான்.

நாற்காலியில் பதினொன்று வரவில்லை, மூச்சு வாங்கியது. அதனால் தினமும் சாயந்திரம் பேத்தியோடு பயிற்சி செய்கிறேன். இப்போது படி ஏறும்போது சுவரைத் தொடுவதில்லை. வலி முழுக்கப் போகவில்லை, ஆனால் குறைந்திருக்கிறது.

கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் மகனைப் பார்த்து ஆரம்பித்தார். "என்னிடம் சொல்லுங்க டாக்டர், கண் என்னோடது" என்றேன். உடனே நாற்காலியை என் பக்கம் திருப்பிக்கொண்டார். வலது கண்ணில் புரை முற்றியிருக்கிறது, இடது கண் பரவாயில்லை என்று சுவரில் இருந்த படத்தைக் காட்டி எனக்கே விளக்கினார். அடுத்த மாதம் ஆபரேஷன். அது ஆறிய பிறகு பார்வையை மறுபடி சோதித்துத்தான் வண்டிக்குச் சான்று தருவேன் என்றார். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஒருவர் சோதித்துச் சொல்கிறார், நான் கேட்கிறேன். நான் வேண்டுமென்று கேட்டதே அதுதானே.

மகனோடு பேசி முடிவு செய்தது இது: இருட்டோடு கிளம்புவதில்லை, வெளிச்சம் வந்த பிறகுதான். ஒரு சாக்குக்கு மேல் ஏற்றுவதில்லை. ஆடிக் காற்றில் பெட்டி ஆட்டோவில் காயை அனுப்புவது. இதில் முதல் இரண்டும் நானே சொன்னது, மூன்றாவது அவன் சொன்னது. செல்ஃப் ஸ்டார்ட் வண்டி பார்க்கிறேன் என்றும் சொல்லியிருக்கிறான். அதுவரை காய் பக்கத்துத் தோட்டத்துப் பெட்டி ஆட்டோவில் போகிறது, நானும் கூட ஏறிப் போகிறேன். மண்டிக்காரரிடம் "விலையை என்கிட்ட சொல்லுங்க" என்று நேராகவே சொல்லிவிட்டேன். இப்போது என்னிடம்தான் சொல்கிறார்.

எல் போர்டு தம்பி, ஒரு சந்தேகம். அந்தப் படிவம் 1ஏ-வில் போட்டோ ஒட்ட வேண்டுமா? ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளலாமா?


எல் போர்டு, கொழிஞ்சாம்பாறை

போட்டோ ஒட்ட வேண்டும் அம்மா. டாக்டரின் கையெழுத்து பாதி போட்டோ மேலும் பாதி காகிதத்திலும் விழ வேண்டும், அந்தப் படிவத்திலேயே அப்படி எழுதியிருக்கும். அதனால் முதலில் ஒட்டிவிட்டுக் கொண்டுபோங்கள். முன்கூட்டியே வாங்க வேண்டாம், ஆபரேஷன் ஆறி டாக்டர் பார்வையைச் சோதித்த பிறகே வாங்குங்கள். சித்திரையில்தானே முடிந்தது, வருகிற சித்திரை வரை அவகாசம் இருக்கிறது. புது வண்டி வந்ததும் ஒரு நாள் காலையில் எங்கள் மைதானத்துக்குக் கொண்டுவாருங்கள், காலி வண்டியிலும் சாக்கு வைத்தும் ஓட்டிப் பழகலாம். மகனையும் கூட்டிவாருங்கள்.